எட்டு வேகன், இரண்டு பாயிண்ட், நாலு பேர்

போன வருடம் வரைக்கும் என்னிடம் இருந்தது ஒரு மாடல் ரயில் வட்டப்பாதை. மேசை முழுக்க ஒரு நீள்வட்டம், ஒரு குன்று, அதில் ஒரு குகை, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டேஷன். சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் மூன்று பேர் வருவார்கள், ரயிலை ஓட விடுவேன், முதல் இரண்டு சுற்று பார்ப்பார்கள், மூன்றாவது சுற்றில் பேச்சு ஆரம்பித்துவிடும், அப்புறம் ரயில் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மின்விசிறி மாதிரி அதுவும் ஒரு பொருள். ஒரு நாள் பின்னால் இரண்டு பெட்டி கழன்று குகைக்குள்ளேயே நின்றுவிட்டது, மிச்ச ரயில் அரை மணி நேரம் ஓடியிருக்கிறது, நாலு பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இதைப் பிரித்துவிட்டு, வேகன்களை இழுத்துத் தள்ளி வரிசை மாற்றுகிற ஷன்டிங் யார்டு ஒன்று செய்வதென்று.

வருகிறவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது புரியாது. ஒருவர் சிக்னல் கேபினில் முப்பது வருடத்துக்கு மேல் நெம்புகோல் இழுத்தவர், எங்கள் எல்லாருக்கும் அண்ணன். இப்போது கை நடுக்கம், மாடல் வேலை எதுவும் செய்ய முடியாது, ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து தவறு கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இன்னொருவர் நீராவி இன்ஜின் படமாக எடுத்துத் தள்ளியவர், பெட்டி பெட்டியாக நெகடிவ் வைத்திருக்கிறார், கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்து, அவுட் ஆஃப் ஃபோகஸ் என்று தான் இத்தனை நாள் ஒதுக்கி வைத்ததில் பாதி நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். மூன்றாமவர் கால அட்டவணை சேர்க்கிறவர், டீசல் ஆள். நீராவிக்காரருக்கும் இவருக்கும் ஆகாது, ஆனால் ஒருவர் வராவிட்டால் மற்றவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏன் வரவில்லை என்று கேட்பார்.

நான் தேர்ந்தெடுத்தது இங்கில்நுக் என்கிற பழைய ஷன்டிங் புதிர். ஆலன் ரைட் என்ற மாடல்காரர் கொண்டுவந்தது. இரண்டே பாயிண்ட் (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் இடம்), மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் பக்கப்பாதை). ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. முன்னால் இன்ஜினோடு மூன்று வேகன் மட்டும் நிற்கக்கூடிய ஒரு நீட்டிப்பு. மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுக்க வேண்டும், எந்த வரிசையில் சீட்டு வந்ததோ அதே வரிசையில் அந்த ஐந்தையும் நீள சைடிங்கில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. எட்டில் ஐந்தை வரிசை மாற்றி எடுக்க 6,720 வழி இருக்கிறது. அட்டவணைக்காரர் உடனே மனக்கணக்குப் போட்டு, "வாரம் ஒன்று என்றால் 129 வருடம், நமக்குப் போதும்" என்றார்.

அளவு 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். என்னிடம் இருக்கும் வேகன்கள் கோக்கிற கொக்கியான கப்ளிங்கோடு சேர்த்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். ஐந்து வேகனுக்கு 75, பாயிண்டுகளுக்கு 45, நீட்டிப்புக்கு 62 என்று கூட்டி, கொஞ்சம் இடம் விட்டு 190 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம் என்று பலகை அறுத்தேன். 9 மில்லிமீட்டர் பிளைவுட், மேலே கார்க் ஷீட். அலமாரிக்கு மேல் வைத்துவிடலாம். வட்டப்பாதை அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது நாலு நாற்காலி போட முடிகிறது, அதுவே பாதி வெற்றி.

பாதை பதிக்க ஒரு சனி, ஒயரிங் ஒரு சனி. ஒயரிங்கில் ஒரே சிக்கல், சின்ன இன்ஜின் பாயிண்டின் ஃப்ராக், அதாவது தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தின் மேல் வந்ததும் நின்றுவிடும். அந்த இடம் பிளாஸ்டிக், மின்சாரம் கிடையாது, குட்டை இன்ஜினுக்கு அதைத் தாண்டி எட்ட வேறு சக்கரம் இல்லை. உலோக ஃப்ராக் உள்ள பாயிண்டாக மாற்றி, ஒரு ஸ்லைடு ஸ்விட்சில் கம்பி கட்டி, ஸ்விட்சைத் தள்ளினால் பாயிண்டும் நகரும், ஃப்ராக்குக்குப் போகிற மின்சாரமும் மாறும் என்கிற மாதிரி செய்தேன். வேலை முடிந்தது. அண்ணன் அந்த ஸ்விட்சைத் தள்ளிப் பார்க்க வந்தார், சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதை வைத்துத்தான் பிடித்தார். கேபினில் நெம்புகோலைத் துணி வைத்துத்தான் பிடிப்பார்களாம், கை வியர்வை பட்டால் பளபளப்புப் போய்த் துரு ஏறும். நான் வைத்திருந்தது விரல் நகம் அளவு பிளாஸ்டிக் ஸ்விட்ச். அதற்கும் கைக்குட்டை. யாரும் சிரிக்கவில்லை.

ஜல்லி போட்டதுதான் பெரிய கூத்து. காய்ந்த தூரிகையால் ஸ்லீப்பர்களுக்கு நடுவில் பரப்பி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரை மேலே தெளித்து நனைத்து, அப்புறம் வெள்ளைப் பசையைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காது, மேலேயே முத்து முத்தாக நின்று ஜல்லியை உருட்டிக்கொண்டு போகும். இதெல்லாம் தெரிந்து செய்ததுதான். ஆனால் நான் பசை விட ஆரம்பித்த நேரத்தில் நீராவிக்காரர் மல்லார்டு என்கிற இங்கிலாந்து நீராவி இன்ஜின் பேச்சை எடுத்துவிட்டார். 1938 ஜூலை 3, மணிக்கு 203 கிலோமீட்டர், நீராவி இன்ஜினில் இன்றுவரை அதுதான் சாதனை. அட்டவணைக்காரர் விடுவாரா, "சரிவில் இறங்கி ஓடியதெல்லாம் ஒரு வேகமா, ஜெர்மனிக்காரன் 1936-லேயே சமதளத்தில் 200-ஐத் தாண்டினான், அதுவும் பேரிங் கருகாமல்" என்று எதிர்க்கட்சி. இருபது வருடமாக இதே சண்டை, இதே வரிகள், எனக்கு இரண்டு பக்க வசனமும் மனப்பாடம், ஆனாலும் காது அங்கேதான் போகிறது. பாயிண்டின் அசையும் நாக்குக்குள் பசை ஓடியதை நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் பாயிண்ட் கல்லாகக் கிடந்தது.

வெந்நீரைத் தொட்டுத் தொட்டு வைத்து, பத்து நிமிடம் ஊற விட்டு, பல்குத்தும் குச்சியால் நெம்பினேன், இளகி வந்துவிட்டது. இனி ஜல்லி போடுவதற்கு முன்னால் பாயிண்டின் அசையும் இடங்களில் மெல்லிய எண்ணெய் ஒரு துளி வைத்துவிட வேண்டும். மல்லார்டு பேச்சு வந்தால் பசைப் புட்டியை மூடிவிட வேண்டும். இன்னொன்று, கார்க் எல்லாம் போட்டு சத்தத்தைக் குறைத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், பசை காய்ந்து ஜல்லி இறுகியதும் பலகை பழையபடி கடகடக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன், யாரும் குறை சொல்லவில்லை, சொல்லப்போனால் பிடித்திருக்கிறது.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. அட்டவணைக்காரரிடம் ஒரு பழைய வித்தை உண்டு, 13 மீட்டர் தண்டவாளங்களை இணைப்புத் தகடு போட்டுப் பூட்டிய பாதையில், 47 வினாடிக்குள் எத்தனை தடக் கேட்கிறதோ அதுதான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு. 13-ஐ 3.6-ஆல் பெருக்கினால் 46.8, அவ்வளவுதான் சூட்சுமம். இப்போது தண்டவாளத்தை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள், எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை, ரயிலில் ஏறினால் தூக்கம்தான் வருகிறது என்று அவருக்குத் தீராத மனக்குறை. சரி, அவருக்காக ஒன்று செய்வோம் என்று 13 மீட்டரை 87-ஆல் வகுத்தேன், 149 மில்லிமீட்டர். நீட்டிப்புப் பாதையில் அந்த இடைவெளியில் நாலு இடத்தில் மெல்லிய அரத்தால் தண்டவாளத்தின் தலையில் ஒரு கோடு மட்டும் கீறினேன். அவரிடம் சொல்லவில்லை. வேகன் அதன் மேல் போனதும் பேச்சைப் பாதியில் நிறுத்தினார், பலகையில் காதை வைத்துக் குனிந்து, இன்னொரு தடவை விடச் சொன்னார். மூட்டுவலிக்காரர், அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

வேகத்தையும் அவர்தான் பிடித்தார். ஒரு மீட்டர் தூரத்துக்கு இன்ஜின் 11 வினாடி எடுத்துக்கொண்டது, அதை அளவில் பெருக்கினால் மணிக்கு 28 கிலோமீட்டர். அண்ணன் முகத்தைச் சுளித்தார். "தம்பி, அந்த வேகத்தில் யார்டில் வேகனைக் கோத்தால் மறுநாள் உனக்கு மெமோ." பத்து கிலோமீட்டர் என்றால் ஒரு மீட்டருக்கு 31 வினாடி ஆக வேண்டும். சக்கரங்களையும் தண்டவாளத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பழைய கண்ட்ரோலரை மாற்றியதும் 29 வரைக்கும் வந்தது. போதும்.

ஆட்டம் ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரம். அன்றிலிருந்துதான் தலைவலியும். இரண்டாவது பாயிண்டில் வேகன் தடம் புரள்கிறது. எப்போதும் இல்லை, எப்போதாவது, அதுதான் கொடுமை. எப்போதும் விழுந்தால் காரணம் உடனே தெரிந்துவிடும். நான் பாயிண்டைத்தான் சந்தேகப்பட்டேன். அரத்தை எடுத்து ஃப்ராக்கின் மூக்கைத் தேய்த்தேன், இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது, நல்ல பாயிண்டைக் கெடுத்ததுதான் மிச்சம். அப்புறமும் விழுந்தது. ஜல்லியோடு பெயர்த்து எடுத்துப் புதுப் பாயிண்ட் பதித்தேன். அதற்கும் ஒரு வாரம் போனது. அதிலும் விழுந்தது.

எடை குறைவாக இருக்கும் என்றார் நீராவிக்காரர், அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி இந்த அளவு வேகனுக்கு ஒரு அவுன்ஸ், அதற்கு மேல் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் வேண்டும். என் வேகன் ஆறு அங்குலம், ஆக நாலு அவுன்ஸ், 113 கிராம். தராசில் வைத்தால் இரண்டு வேகன் 70-ஐத் தாண்டவில்லை. பின்னாலிருந்து தள்ளும்போது இலேசான வேகன்தான் முதலில் தூக்கிக்கொண்டு இறங்கும். உள்ளே நட்டுகளை ஒட்டி எடையைச் சரிசெய்தேன். குறைந்தது, நிற்கவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது அண்ணனின் ரிஜிஸ்டர். சீட்டு எழுதுவதும் குலுக்குவதும் அவர் பொறுப்பு, நடுங்குகிற கையெழுத்தில் ஒன்று முதல் எட்டு வரை எழுதிய எட்டு அட்டைகள். அதோடு ஒரு நோட்டும் வைத்திருந்தார், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, நேரம், வந்த சீட்டு, எத்தனை அசைவு, எங்கே விழுந்தது, அப்போது பாயிண்டின் மேல் இருந்தது எத்தனையாம் நம்பர் என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். கேபின் பழக்கம், ரயில் போனால் எழுதியாக வேண்டும். எடையைச் சரிசெய்த பின் ஆடிய 14 ஆட்டத்தில் 9 தடவை விழுந்திருக்கிறது, 9 தடவையும் ஆறாம் நம்பர். "பாயிண்டைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தாயே, அது என்ன தப்பு செய்தது" என்று நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஆறைக் கவிழ்த்து வெர்னியர் அளவுகோலை வைத்தேன். இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பின் போகியில் (இரண்டு அச்சு சேர்ந்த சக்கரத் தொகுதி) ஓர் அச்சு 14.0 காட்டியது. நாலு புள்ளிதான். ஆனால் அந்த நாலு புள்ளி குறைந்தால், பாயிண்டில் ஃப்ராக்குக்கு எதிரே இருக்கும் காப்புத் தண்டவாளம் சக்கரத்தின் முதுகில் உரசி நெருக்கும், சக்கரம் போக இடமில்லாமல் மேலே ஏறிவிடும். நேர்ப்பாதையில் இது தெரியவே தெரியாது. சக்கரத்தைப் பிடித்து மெதுவாகத் திருகித் திருகி வெளியே இழுத்தேன், அளந்தேன், இன்னும் கொஞ்சம், அளந்தேன். அதே சூட்டில் எட்டு வேகனின் 32 அச்சுகளையும் அளந்துவிட்டேன், இன்னும் இரண்டு சந்தேகக் கேஸ் சிக்கியது. பெயர்த்தெடுத்த பாயிண்ட் மூக்குத் தேய்ந்து மேசை டிராயரில் கிடக்கிறது, திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

அதற்குப் பிறகு மூன்று சனி ஓடிவிட்டது, ஒரு வேகன்கூட விழவில்லை. மல்லார்டு சண்டையும் நடக்கிறது, ஆனால் கண்ணெல்லாம் பலகை மேல்தான், "இரண்டைப் பின்னால் தள்ளு, முதலில் ஏழைக் கழற்று" என்று நடுநடுவே அதட்டல். கழற்றுவதற்கு மூங்கில் குச்சிதான், கப்ளிங்குக்கு நடுவில் விட்டு ஒரு திருகு. காந்தம் வைத்துத் தானாகக் கழலச் செய்யலாமா என்று கேட்டேன், மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள், அவர்கள் ஒத்துப்போய் நான் கேட்ட முதல் விஷயம் அதுதான். இன்னும் பாக்கி, பின்பக்கச் சுவரில் ஒரு கோடவுன் சுவரோவியம், அப்புறம் மூன்றாவது சைடிங் முடிவில் வேகனைத் தடுத்து நிறுத்த ஒரு பஃபர். இப்போதைக்கு அங்கே ஓர் அழிரப்பர் நிற்கிறது.

இந்த வாரச் சீட்டு 3, 8, 1, 6, 5. எனக்கு 19 அசைவு ஆனது. 17-ல் முடியும் என்று அண்ணன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். எப்படி என்று கேட்டால் அடுத்த சனிக்கிழமை சொல்கிறாராம்.