ஓசூர் தாண்டியாச்சு

என் பழைய போனை வாங்கியது 2014-இல். தொடுதிரையின் இடது ஓரம் வேலை செய்யாமல் போய், சார்ஜர் வயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் மட்டுமே சார்ஜ் ஏறும் என்ற நிலைக்கு வந்த பிறகும் அதை விடாமல் வைத்திருந்ததற்கு, அதனுள் இருந்த அண்ணனின் குறுஞ்செய்திகளே காரணம். அண்ணன் அப்போது நாமக்கல்லிலிருந்து நாக்பூருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு ஓசூர், பெங்களூரு, அனந்தப்பூர், கர்னூல், ஐதராபாத், அதிலாபாத் என்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகும்போது, டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டும் இடங்களிலெல்லாம் எனக்கு ஒரு வரி அனுப்புவார். வெளிமாநிலத்தில் இருந்தால் வருகிற அழைப்புக்கும் காசு போன காலம் அது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. 'ஓசூர் தாண்டியாச்சு பாப்பா' என்று நான் படித்துச் சொன்ன பிறகுதான் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பார்.

சென்ற மாதம் புதுப் போன் வாங்கியபோது, கூகுள் கணக்கைப் போட்டதும் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். தொடர்பு எண்களும் படங்களும் வந்தன, செய்திப்பெட்டி மட்டும் காலியாக இருந்தது. பழைய போனில் இருந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் குறுஞ்செய்திகளைக் கணக்கில் சேமித்துவைக்கும் வசதியே கிடையாது என்பது பிறகுதான் புரிந்தது. கடைக்காரத் தம்பி, "மெசேஜெல்லாம் வராதுங்க்கா, வேணும்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க, பழைய போனை ரீசெட் பண்ணிக் குடுத்தா எக்ஸ்சேஞ்சுல கழிச்சுக்கலாம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் நான் போனைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகளை யாரால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியும்?

'எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரிஸ்டோர்' என்ற செயலி அந்த வேலையைச் செய்து கொடுத்தது. பழைய போனில் அதை நிறுவி, வங்கிச் செய்திகளையும் ஓடிபிகளையும் விட்டுவிட்டு, வேண்டிய உரையாடல்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், அவற்றை ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதித் தந்துவிடும். அண்ணன் மூன்று முறை எண்ணை மாற்றியிருந்ததால் மூன்று உரையாடல்களையும் தேடிப் பிடித்துக் குறியிட வேண்டியிருந்தது. கோப்பைப் புதுப் போனுக்கு அனுப்பி, அங்கும் அதே செயலியை நிறுவி, மீட்டெடுக்கச் சொன்னபோது, தன்னை முதன்மைக் குறுஞ்செய்திச் செயலியாக ஆக்கும்படி அது கேட்டது. இந்த இடத்தில் பலரும் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதல், முதன்மைச் செயலியாக இருப்பது மட்டுமே செய்திப்பெட்டிக்குள் எழுத முடியும் என்பது விதி. வேலை முடிந்ததும் வழக்கமான செயலியையே மறுபடி முதன்மையாக்கிவிடலாம், வந்து சேர்ந்த செய்திகள் அப்படியே இருக்கும்.

தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடுமோ என்ற கவலையும் இருந்தது. அண்ணன் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார், நான் தமிழிலேயே பதில் போடுவேன். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம் என்றால் தமிழுக்கு 70 தான்; அதிலும் புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனியாகக் கணக்கில் சேரும் என்பதால் என் பதில்கள் எல்லாம் மிகவும் சிக்கனமானவை. அவற்றில் ஒரு புள்ளிகூடக் குறையாமல் வந்து சேர்ந்தன.

சரிபார்ப்பதற்காக அந்தக் கோப்பைக் கணினியில் திறந்தேன். ஒவ்வொரு செய்திக்கும் எண், வகை, வாசகம் ஆகியவற்றோடு நேரம் இரண்டு இடங்களில் பதிவாகியிருந்தது. ஒன்று, செய்தி என் போனுக்கு வந்து சேர்ந்த நேரம். 'டேட் சென்ட்' என்ற மற்றொன்று, அனுப்பப்பட்ட நேரம். இரண்டுமே 1970 ஜனவரி 1 முதல் மில்லிவினாடிகளில் எண்ணப்பட்ட பதின்மூன்று இலக்க எண்கள். பெரும்பாலான செய்திகளில் இரண்டுக்கும் சில வினாடிகளே வித்தியாசம். ஒரு 'ஓசூர் தாண்டியாச்சு' மட்டும் வேறாக இருந்தது: அனுப்பிய நேரம் 1447276357000, வந்த நேரம் 1447289308642. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2015 நவம்பர் 12, அதிகாலை 2 மணி 42 நிமிடத்துக்கு அனுப்பப்பட்டு, காலை 6 மணி 18 நிமிடத்துக்கு வந்திருக்கிறது.

அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீபாவளிக்கு வந்திருந்த அண்ணன் மறுநாளே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார், வெளியே மழை. அம்மா விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காலையில் செய்தி வந்ததும் நான் திரையைப் பார்த்து, "இப்பத்தான் போட்டிருக்குது, ஆறு பதினெட்டு" என்றேன். திரையில் தெரிந்தது வந்து சேர்ந்த நேரம் என்பது எனக்கு அன்று தெரியாது. அம்மா போனில் அண்ணனைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார். "ராத்திரியே போட்டனம்மா" என்று அவர் எவ்வளவோ சொன்னார். வழியில் எங்கோ தூங்கிவிட்டுச் சமாளிக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். மழையில் எங்கள் ஊர்ப் பக்கம் டவர் வேலை செய்யாமல் போயிருக்க வேண்டும்.

அன்று மாலையே அம்மாவிடம் விவரத்தைச் சொன்னேன். எண்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "பையன அந்த வெய்யு வெஞ்சுபோட்டனே" என்று மட்டும் சொன்னார். அண்ணன் இப்போது வெளிமாநிலம் ஓட்டுவதில்லை, முட்டை வண்டியோடு உள்ளூரிலேயே இருக்கிறார். அவரை அழைத்துச் சொன்னபோது சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அன்னைக்கு ஓசூர்ல டீக்கடைக்கு வெளிய நனைஞ்சுக்கிட்டேதான் பாப்பா அடிச்சேன்" என்றார்.

பழைய போனை இன்னும் ரீசெட் செய்யவில்லை. இரண்டு போன்களையும் அருகருகே வைத்து, மூன்று உரையாடல்களின் முதல் செய்தியும் கடைசிச் செய்தியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, கோப்பின் ஒரு பிரதியைக் கணினியிலும் இன்னொன்றைப் பென் டிரைவிலும் வைத்துவிட்டேன். இரவில் அம்மா படுத்த பிறகு முதலிலிருந்து வரிசையாகப் படித்துக் காட்டுகிறேன். நேற்று 2014 ஜூலையில் கர்னூல் வரை போயிருந்தோம்.