பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் பேண்டு

ராமநாதபுரத்து ரிப்பேர் கடையில் 600 ரூபாய் அழுது, இரண்டு தடவை பஸ் ஏறி இறங்கி, சரிசெய்து வாங்கிவந்த டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த செட்) பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து பிளே பட்டனை அழுத்தினேன். அப்பா குரல் வர வேண்டிய இடத்தில் யாரோ கிணற்றுக்குள் இருந்து முனகினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவே, "இது யார்றா?" என்று கேட்டார்.

பஹ்ரைனில் மீன்பிடி வேலை முடிந்து 1989-ல் அவர் தூக்கிவந்த செட் அது. அங்கே இருந்தபோது கடிதத்துக்குப் பதில் இதில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட்டைக் கொடுத்துவிடுவார். அதில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதைக் கேட்கத்தான் இத்தனை பாடு.

செட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனேன். "பழைய சாமான் தம்பி, இவ்வளவுதான் பாடும்" என்றார் கடைக்காரர். சரி, இனி நாமே பார்ப்போம் என்று வீட்டில் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே மோட்டாருக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் பணக்கட்டுக்குப் போடும் மஞ்சள் ரப்பர் பேண்டு! அதோடு விட்டாரா, துரு போக என்று எண்ணெய் ஸ்பிரே அடித்திருக்கிறார். அது பிஞ்ச் ரோலர் வரை வழிந்து பளபளத்தது. நாடாவைப் பிடித்து இழுக்கிற ரப்பர் உருளையில் எண்ணெய் பட்டால் அது எப்படிப் பிடிக்கும்? இதற்கெல்லாம் மேல், நாடாவில் பதிந்ததைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்தில், அதன் சாய்வைச் சரிசெய்யும் சின்னத் திருகையும் யாரோ திருகியிருந்தார்கள். முனகலுக்குக் காரணம் அதுதான். கடைக்குக் கொடுக்கும் முன் அந்தத் திருகின் தலையில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள். யாராவது கை வைத்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

துடைக்க ஸ்பிரிட் கேட்டால் மெடிக்கலில் சானிடைசரை நீட்டினார்கள். அது பிசுபிசுக்கும், ஆகாது. செல்போன் சர்வீஸ் கடையில் போர்டு கழுவ வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தான் சரி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேசட் போடாமலே பிளேயை அழுத்தினால் ஹெட் முன்னால் வந்து நிற்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். முதல் நான்கு குச்சியும் காப்பிப்பொடி நிறத்தில் வந்தன. ரோலரை மட்டும் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன். காந்தம் ஏறிய திருப்புளியை ஹெட் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பேட்டரிப் பெட்டியில் ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்திருந்தது. கடலோரத்தில் உப்புக்காற்று எதை விட்டுவைத்தது? வினிகரில் தேய்த்து, மேலே ஐபிஏ தடவிக் காயவிட்டேன். ஓடாத செட்டில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள்.

பெல்ட்டுக்கு அளவெடுக்கத்தான் திண்டாட்டம். சக்கரங்களைச் சுற்றி நூலைப் போட்டு அளந்து, அதே நீளத்துக்கு ஆன்லைனில் வாங்கினேன். தொளதொளவென்று தொங்கியது. அளந்ததில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து வாங்க வேண்டுமாம். இரண்டாவது பெல்ட் வர ஒன்பது நாள். போட்டதும் கச்சிதம்.

ரேடியோ பெரிதாகப் படுத்தவில்லை. ஏரியல் கம்பியின் கணுக்களில் இருந்த துருவைத் துடைத்ததும் எங்கள் ஊர் எஃப்எம் வானொலி கடல் ஓசை 90.4 கணீரென்று வந்தது. மீடியம் வேவில் மட்டும் ஒரே இரைச்சல். வீட்டு எல்இடி பல்பை அணைத்ததும் பாதி அடங்கியது. அந்த அலைவரிசைக்கு ஏரியல் கம்பி உதவாது. ஏரியல் உள்ளேயே இருக்கிறது, செட்டைத்தான் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் அப்பா கேசட்டைப் போட்டு நாடாவைத் தின்னக் கொடுக்க நான் தயாரில்லை. போனால் போகிறதென்று ஒரு பழைய பாட்டு கேசட்டை அரைமணி நேரம் ஓடவிட்டேன். அப்புறம்தான் அப்பா கேசட். முதலில் முன்னும் பின்னும் ஒரு தடவை முழுதாகச் சுற்றி இளக்கினேன். ஓடவிட்டு, ஹெட் பக்கத்துத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். 'ஸ', 'ச' எல்லாம் பிசிறில்லாமல் வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். கேசட் பதிந்ததும் இதே செட்டில்தான் என்பதால் எங்கே நிறுத்துவது என்பது காதுக்கே தெரிந்தது.

"கூரைக்கு ஓலை மாத்தியாச்சா? மழைக்கு முன்னாடி மாத்திருங்க" என்றது அப்பாவின் முப்பது வயசுக் குரல். அடுப்படியிலிருந்து அம்மா, "மாத்தியாச்சுன்னு சொல்லுடா" என்றார். அப்பா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

அன்றைக்கே ஹெட்போன் துளையில் ஒயரைச் செருகி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் பேனாக்கத்தியால் உடைத்தாயிற்று. இனி யார் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அது இறங்காது.