பெயரில் மட்டும் மிஞ்சிய சைக்கிள் பாதை: மார்செய் வெலோட்ரோம்

பிரான்சின் மார்செய் நகர மைதானத்துக்கு ஏன் 'வெலோட்ரோம்' என்று பெயர்? சைக்கிள் பந்தயப் பாதை என்பதுதான் அதன் பொருள். 1937 ஜூன் 13 அன்று உள்ளூர் உதைபந்தாட்ட அணியான ஒலிம்பிக் மார்செய்யும் இத்தாலியின் டொரினோ அணியும் ஆடித் திறந்தபோது, புல்தரையைச் சுற்றி அந்தப் பாதை ஓடியது. அடுத்த வருடமே உலகக்கிண்ண அரையிறுதி. இத்தாலி 2–1 என்று பிரேசிலை வென்றது.

உதைபந்தாட்டத் தரையைச் சுற்றிப் பாதை வந்தால் என்ன கெடும் என்பது மட்டக்களப்பில் மெய்வல்லுனர் போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு இழுத்தவர்களுக்குத் தெரியும். இன்றைய 400 மீற்றர் ஓடுபாதையையே எடுங்கள். நேர்ப்பகுதி 84.39 மீற்றர், உள்வளைவின் ஆரை 36.5 மீற்றர். அதற்குள் 105க்கு 68 மீற்றர் தரை மட்டுமட்டாக அடங்கும். ஆனால் கோணர் கொடிக்கும் பாதைக்கும் இடையில் ஒரு மீற்றர்தான் மிஞ்சும். கோணர் உதைக்க வருபவர் பாதையில் நின்றுதான் ஓடத் தொடங்கவேண்டும். கோல் கோட்டுக்குப் பின்னால் 26 மீற்றர் வெறுமை, எட்டுத் தடமும் சேர்ந்தால் 36. அந்தப் பக்கம் இருப்பவருக்கு எதிர்முனைக் கோல் 140 மீற்றருக்கு அப்பால். பந்து கோட்டைத் தாண்டியதா என்று எப்படித் தெரியும்?

மார்செய்யில் சைக்கிள் பாதை 1980களில் எடுபட்டது. கோல்களுக்குப் பின்னாலுள்ள இரண்டு பக்கங்களையும் இன்றும் 'விராஜ்', அதாவது வளைவு என்றே அழைக்கிறார்கள். அணியின் தீவிர இரசிகர்கள் கூடுவதும் அங்கேதான்.

1998 உலகக்கிண்ணத்துக்காக 60,000 இருக்கைகள் வைத்தார்கள். கூரை ஒரு பக்கத்துக்கு மட்டுந்தான், அது பெரிய பிழை. மிஸ்ட்ரால் என்ற வடமேல் காற்று நம்மட கச்சான் காற்றைப்போல நாட்கணக்கில் வறட்டி வீசும். கச்சான் சுடும், இது குளிரும். உயரப் பந்து திசைமாறும், சனத்தின் சத்தமும் மேலே கலைந்துபோகும். 2014இல்தான் முழுக்கூரை வந்தது. இருக்கைகள் 67,394 ஆயின. கூரைத்துணி வெள்ளைக் கண்ணாடியிழை, ஒளியை ஓரளவு உள்ளே விடும். முழுதாக மறைத்தால் புல் வெளிறி, வேர் பிடிக்காமல், பூட்ஸ் பட்ட இடமெல்லாம் பெயரும்.

ஒரே தரையில் எத்தனை வேலை! 2023 செப்டெம்பர் 21இல் றக்பி உலகக்கிண்ணத்தில் பிரான்ஸ் 96–0 என்று நமீபியாவை வென்றது. இரண்டே நாளில், 23ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே திருப்பலி ஒப்புக்கொடுத்தார். இசை நிகழ்ச்சிகளும் நடக்கும். அவற்றில் ஆபத்து மேடை கட்டும் நேரத்தில்தான்: 2009 ஜூலையில் மடோனாவின் நிகழ்ச்சிக்குக் கட்டிய மேடைக்கூரை சரிந்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

2017 ஜூலை 22இல் ரூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 22.5 கிலோமீற்றர் தனிநபர் நேரப்போட்டி இந்த மைதானத்துக்குள்ளே தொடங்கி, இங்கேயே முடிந்தது. பாதை பிடுங்கிய இடத்துக்கு சைக்கிள்கள் திரும்பி வந்தன.