வாரத்துக்கு 56 மணி நேரம்

தம்பிக்கு விபத்து நடந்தது 2017 ஜனவரியில். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் பக்கம் நெடுஞ்சாலையில் பனி உறைந்து கிடந்த காலை. கழுத்துக்குக் கீழே உணர்வே போய்விட்டது. மிச்சிகனில் அப்போதிருந்த சட்டப்படி தப்பு யார்மேல் என்று பார்க்காமல், அவரவர் கார் இன்ஷூரன்ஸே ஆயுசு முழுக்க சிகிச்சைச் செலவைப் பார்க்கும். 1973லிருந்து அப்படித்தான். பிரீமியம் கட்டும்போது வயிறு எரியும். ஆனால் தம்பி வீட்டுக்கு வந்த அன்றே, இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டது.

பிரீமியத்தைக் குறைக்கிறோம் என்று 2019ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அடி விழுந்தது 2021 ஜூலையில். மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டில் கட்டணம் நிர்ணயிக்காத சேவைகளுக்கு, 2019 ஜனவரியில் வாங்கியதில் 55 சதவீதம்தான் இனி. வீட்டுப் பராமரிப்பும் அதில் அடக்கம். எங்களுக்கு ஆள் அனுப்பிய ஏஜென்சி இரண்டே மாதத்தில் கையை விரித்தது. சரி, நாமே பார்ப்போம் என்றால், குடும்பத்தார் பார்ப்பதற்கு வாரம் 56 மணி நேரத்துக்கு மேல் பணம் தரக் கட்டாயமில்லையாம். வாரத்துக்கு 168 மணி நேரம் என்பது தம்பியின் உடம்புக்கு மட்டும்தான் தெரியும் போல.

பகலில் நான், இரவில் அம்மா. ஆபீஸ் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். 2022 வசந்தத்தில் காருக்கு 400 டாலர் என்று இன்ஷூரன்ஸ் ரீஃபண்ட் செக் வந்தது. அம்மா அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மறந்தே போனார்.

2023 ஜூலை 31 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 2019 ஜூன் 11க்கு முந்தைய பாலிசியில் அடிபட்டவர்களுக்கு இந்த வரம்புகள் பொருந்தாது. பாக்கிப் பணம் தானாக வரும் என்று நினைத்தேன். அட்ஜஸ்டர், அதாவது கோரிக்கைகளைப் பார்க்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள், கேட்டது ஒன்றைத்தான்: யார், எந்த நேரம், என்ன செய்தீர்கள், எழுத்தில் இருக்கிறதா?

இருந்தது. அம்மாவின் கோடு போட்ட நோட்டுகள், ஏழு. எல்லாம் தமிழில்.

"2.10 இடப்பக்கம் திருப்பினேன். முதுகில் சிவப்பு இல்லை. 4.05 வலப்பக்கம். பையில் 400 மில்லி. 4.30 என் தோள் வலிக்கிறது."

ஐந்து வார இறுதிகள் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். தோள் வலியை விட்டுவிடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். ஒரு வரியையும் எடுக்காதீர்கள் என்றார். அவர் சொன்ன இன்னொன்று இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும்: வழக்குப் போட்டால் ஒரு வருஷத்துக்கு முந்தைய பாக்கியைக் கேட்பது சிக்கல்; ஆனால் கோரிக்கையை எழுத்தில் கொடுத்திருந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முறையாக மறுக்கும்வரை அந்தக் கெடு ஓடாது. அதனால் மாதாமாதம் எழுதி அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியதெல்லாம் காற்றோடு போச்சு.

எட்டு மாதம் கழித்துப் பணம் வந்தது, முழுதாக இல்லை. பிசியோதெரபியில் தம்பிக்குப் பழக்கமான பையன் ஒருவன் 2020ல் அடிபட்டவன். அவனுக்கு இன்றும் 56தான். அவன் அம்மா என்னிடம் நோட்டு எப்படிப் போடுவது என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன்.

ஏஜென்சி திரும்ப வந்தது, ஆட்கள் வரவில்லை. பழைய பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வாரத்தில் நான்கு இரவுக்குத்தான் ஆள். மற்ற மூன்று இரவும் அம்மா. இப்போது எட்டாவது நோட்டு.