அண்ணா சாலையில் அண்ணாந்து ஒரு நடை

பேருந்தின் ஜன்னலோரத்திலிருந்து பார்த்துப் பழகியவர்களுக்கு மவுண்ட் ரோடு என்பது பெயர்ப்பலகைகளின் வரிசை மட்டுமே. நானும் கல்லூரி நாட்களிலிருந்து அந்தச் சாலையில் போய் வந்துகொண்டிருப்பவன்தான். ஆயினும் அங்குள்ள கட்டடங்களின் தரைத்தளத்தைத் தவிர வேறு எதையும் நான் உற்றுப் பார்த்ததில்லை. 1974-இல் அந்தச் சாலையின் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பணி ஓய்வு வரை அங்கேயே இருந்த என் அப்பாவுடன், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மன்றோ சிலையடியிலிருந்து ஸ்பென்சர் வரை நடந்தபோதுதான், பலகைகளுக்கு மேலே இன்னொரு சாலை இருப்பதைக் கண்டேன்.

கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் வழி என்பதால் அமைந்த பெயர் மவுண்ட் ரோடு. அண்ணா சாலை என்று மாறிப் பல ஆண்டுகளாகியும் பழைய பெயரும் பேச்சில் நீடிக்கிறது. அப்பாவின் வாயில் இன்றும் அது மவுண்ட் ரோடுதான். தீவுத்திடலருகே சாலை நடுவில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ, 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்து, பதவியில் இருக்கும்போதே காலராவில் இறந்தவர். பிரான்சிஸ் சான்ட்ரி வடித்த இந்தச் சிலை 1839-இல் நிறுவப்பட்டது. சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. வெறும் முதுகில் அவர் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். போக்குவரத்து நெரிசலில் ஒருவரும் நின்று கவனிக்க முடியாத இந்த விவரத்தை, வண்டிகள் குறைவாக இருந்த அந்த வேளையில்தான் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

பாலத்தைக் கடந்து, சிம்சன் நிறுவனத்தின் அருகிலுள்ள பெரியார் சிலையைத் தாண்டினால், இடப்புறம் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். ஆளுநர் மாளிகையாக இருந்த பழைய கட்டடம் புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. 2010-இல் திறக்கப்பட்ட அந்த வளாகம் இப்போது பன்னோக்கு மருத்துவமனையாக இயங்குகிறது. அந்த மாளிகையின் விருந்து மண்டபமாக 1802-இல் எழுந்த ராஜாஜி ஹால் மட்டும் தப்பியது. அதை வடிவமைத்த ஜான் கோல்டிங்ஹாம், சென்னை வானாய்வு நிலையத்தில் விண்மீன்களைக் கணித்துக்கொண்டிருந்தவர். பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டினத்திலும் பெற்ற வெற்றிகளைக் கொண்டாடவே கிழக்கிந்தியக் கும்பினியார் இதைக் கட்டினார்கள். கிரேக்கக் கோயிலைப் போலத் தூண்கள் நிரம்பிய அந்த முகப்பும், அதன்முன் இறங்கும் அகன்ற நெடும்படிகளும், பார்ப்பவரைப் பணிய வைப்பதற்காகவே அமைந்தவை.

ஆனால் தமிழ் மக்களின் நினைவில் அந்தப் படிக்கட்டு வெற்றியின் சின்னமாக இல்லை. அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் மக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது இங்கேதான். 1975-இல் காமராஜருக்காக வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற முதியவர் ஒருவர் படியில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதைப் பார்த்துத் தானும் கழற்றியதாக அப்பா சொன்னார். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்காக எழுப்பிய மண்டபத்தை, கட்டியவர்கள் கனவிலும் நினைக்காத ஒரு காரியத்துக்கு இந்த ஊர் தனதாக்கிக்கொண்டது. ஒரு கட்டடத்துக்கு இதைவிடப் பெரிய மறுவாழ்வு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பி.ஆர். அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை 1873-ஆம் ஆண்டுக் கட்டடம். மெட்ரோ ரயில் பணிக்காக அதன் பின்பகுதி இடிக்கப்பட்டபோது எழுந்த வழக்கும் வருத்தமும் பலருக்கு நினைவிருக்கும். முன்பகுதியும் மணிக்கூண்டும் நிற்கின்றன. கடிகாரத் தொழிலும் தொடர்கிறது.

அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் இருக்கும் எலக்ட்ரிக் தியேட்டரை, தெரியாதவர்கள் யாரும் ஒரு திரையரங்கு என்று சொல்லிவிட முடியாது. வார்விக் மேஜர் என்பவர் 1913-இல் கட்டிய இது, சென்னையில் சினிமாவுக்கென்றே எழுந்த முதல் அரங்குகளில் ஒன்று. இரண்டே ஆண்டுகளில் படக்காட்சி நின்று, கட்டடம் அஞ்சல் துறையின் கைக்கு வந்தது. இப்போது அஞ்சல்தலை சேகரிப்போருக்கான பிரிவு அங்கே இருக்கிறது. 1914-இல் திரைப்பட முன்னோடி ரகுபதி வெங்கையா இதே வட்டாரத்தில் கட்டிய கெயிட்டி தியேட்டர், பல பத்தாண்டுகள் படம் காட்டிப் புகழ் பெற்றிருந்தும் இன்று இல்லை. இரண்டு ஆண்டே படம் காட்டிய அரங்கு, அஞ்சல்தலை விற்பதால் நூறாண்டைத் தாண்டி நிற்கிறது என்பதை அங்கே நின்றபோது வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த யோசனை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் நிற்கும் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தின் முன் கனமாகிவிட்டது. டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காக ஜே.எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்து, 1897-இல் முடிந்த கட்டடம் அது. அந்நாளில் அதற்குப் பெயர் கார்டைல் பில்டிங். செங்கற்சுவர், கூர்முனைக் கோபுரங்கள், வளைவுகள், குவிமாடங்கள் என்று, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக்கலைகள் கலந்த இந்தோ-சாரசனிக் பாணியின் அத்தனை ஆசைகளும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. 1934-இல் பாரத் காப்பீட்டு நிறுவனம் வாங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி.யிடம் வந்தது. 2006-இல் இடிப்பு வேலை தொடங்கியதும், மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று 2010-இல் வந்த தீர்ப்பு, சென்னையின் மரபுக் கட்டடங்கள் அனைத்துக்குமே ஒரு பாதுகாப்பு அரணாக அமைந்தது.

தீர்ப்பு இடிப்பை நிறுத்தியது. ஆனால் ஆட்கள் புழங்காத கட்டடத்தை மழை விட்டுவைப்பதில்லை. நடைபாதையில் நின்றபடி மதிலுக்கு மேலே கண்ணில் பட்ட ஒரு சுவரை மட்டும் நான் கவனமாகப் பார்த்தேன். இரண்டு செங்கல் வரிசைகளுக்கு இடையிலிருந்த சுண்ணாம்புச் சாந்து கரைந்து விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. அதில் ஓர் அரசங்கன்று வேர் இறக்கி, நான்கைந்து தளிர் இலைகளோடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அது முளைத்த முதல் மாதத்தில் தினமும் ஒருவர் அந்தப் பக்கம் நடமாடியிருந்தால், கையால் கிள்ளி எறிந்திருப்பார். இப்போது அதைப் பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். அக்காலக் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் விட்டு அரைத்த சாந்து, ஆண்டுதோறும் தொட்டுப் பராமரித்தால் பல தலைமுறைக்கு நிற்கும். சிமென்டைப் போல ஒருமுறை பூசிவிட்டு மறந்துவிடும் பொருள் அல்ல அது. பழைய கட்டடத்தைப் பூட்டி வைப்பதையே நாம் காப்பாற்றுவது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் மனக்குறை. உள்ளே ஒரு நூலகமோ அலுவலகமோ இயங்கினால் போதும், மற்றது தானாக நடக்கும்.

எல்.ஐ.சி. கட்டடத்தை மரபுக் கட்டடமாக எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. நான் அதைச் சேர்த்துக்கொள்வேன். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தமது காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய கட்டடம் அது. 1954-இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்த பின் நாட்டுடைமையாக்கம் வந்து, 1959-இல் எல்.ஐ.சி.யின் கட்டடமாகத் திறக்கப்பட்டது. 177 அடி உயரமுள்ள அது அன்று இந்தியாவிலேயே உயரமானது. செங்கல்லும் சுண்ணாம்பும் கோலோச்சிய சாலையில் கான்கிரீட் காலூன்றிய இடம் என்ற வகையில் அதன் முக்கியத்துவம் தனி. படங்களில் பட்டணம் என்றாலே இந்தக் கட்டடத்தைத்தான் காட்டினார்கள் என்பதால், ஊரிலிருந்து வந்த முதல் நாளே அப்பா இதன் எதிரே நின்று மாடிகளை எண்ணிப் பார்த்தாராம். மறு ஆண்டு, 1975 ஜூலையில் அது தீப்பற்றி எரிந்ததையும் அவர் பார்த்தார்.

அவர் கண்ட இரண்டாவது தீ ஸ்பென்சர் அங்காடியில். 1895-இல் எழுந்த அந்தச் செங்கல் மாளிகைக்கு வரைபடம் டபிள்யூ.என். போக்சன், கட்டியவர் சென்னையின் பல சிவப்புக் கட்டடங்களை எழுப்பிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். 1983 பிப்ரவரியில் அது எரிந்துபோனது. வாரக்கணக்கில் அந்தப் பக்கம் கருகல் வாடை போகவில்லை என்கிறார் அப்பா. இன்றைய ஸ்பென்சர் பிளாசாவின் வாசலில் நின்று, எந்த வளைவு எங்கே இருந்தது என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். அவர் விரல் போன திசையில் கண்ணாடியும் விளம்பரத் தட்டியும்தான் இருந்தன. நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

வெயில் ஏறியபின் திரும்பி நடந்து, ஹிக்கின்பாதம்ஸ் திறக்கும் வரை எதிரே ஒரு தேநீர்க் கடையில் காத்திருந்தோம். 1844-இல் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் தொடங்கிய புத்தகக் கடை, 1904 முதல் இதே வெள்ளைக் கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே காலடி வைத்ததும் வெக்கை விலகிப்போகிறது. காகிதத்தில் ஈரம் தங்காமல் காற்றோட வேண்டும் என்று எண்ணிக் கட்டியதைப் போல அத்தனை உயரத்தில் கூரை. தரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குச் சதுரங்கள். வாசலருகே இருப்பவை மட்டும் மற்றவற்றைவிட மங்கி, மூலைகள் மழுங்கியிருந்தன. குனிந்து தொட்டுப் பார்த்தேன். அங்கே கல் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது.

அப்பா இதற்குள் உள்ளே போய்விட்டார். சம்பளம் போதாத நாட்களில் மதிய இடைவேளையில் வந்து நின்றபடியே படித்துவிட்டுப் போவாராம். கடைக்காரர்கள் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லையாம். நான் தமிழ்ப் பிரிவைத் தேடிச் சென்றபோது, அவர் ஓர் அலமாரியில் சாய்ந்தபடி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு புத்தகத்தின் பத்தாவது பக்கத்தில் இருந்தார்.