முதல் சிங்கிள்

ஜூன் 12
எங்கள் பனமரத்துப்பட்டி பஸ் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலைக்காக ஷெட்டில் நிற்கிறது. விடியற்காலை முதல் சிங்கிளுக்கு, அதாவது முதல் நடைக்கு, ஸ்பேர் வண்டியை எடுத்தோம். அதில் மேலே கேரியர் கிடையாது, அரளிப்பூ மூட்டைகளைப் பின் சீட்டில் அடுக்கினோம். இருட்டில் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு பறித்த மொட்டுகள். சாக்கு நனைந்து சீட்டெல்லாம் ஈரம். வெயில் ஏறுவதற்குள் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் இறக்கியாக வேண்டும், மொட்டு விரிந்தால் விலை இறங்கிவிடும். நாழிக்கல்பட்டியில் ஏறிய அக்கா, "ஏந்தம்பி, நம்ம வண்டிக்கு என்னாச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டார். நம்ம வண்டி என்கிறார்! நாள் முழுக்க அதே நினைப்பு.

ஜூன் 14
ஆயாவிடம் தாத்தா கதை கேட்டேன். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் கரிவாயுவில் ஓடின. தாத்தா அப்போது வேறொருவர் வண்டியில் கிளீனர். வண்டிக்குப் பின்னால் இருக்கும் அடுப்பில் கரி போட்டு, தீ மூட்டி, காற்றாடியைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். வாயு பிடித்த பிறகுதான் இன்ஜின் எடுக்கும். மேட்டில் இழுக்காது, ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். சொந்த வண்டி வாங்கிய பிறகும் தினமும் டிரைவருக்கு முன்னால் ஷெட்டுக்கு வந்துவிடுவாராம்.

ஜூன் 15
மழை. கலெக்‌ஷன் சுமார்.

ஜூன் 18
1971 சட்டத்தைப் பற்றி அப்பா பேசினார். நிறைய பர்மிட் வைத்திருந்த பெரிய பஸ் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டது. சேலத்தில் 1973-ல் அண்ணா போக்குவரத்துக் கழகம் வந்தது. எங்களைப் போல ஓரிரு வண்டி மட்டும் வைத்திருந்தவர்கள் தப்பியதற்கு ஒரே காரணம், நாங்கள் சின்னவர்களாக இருந்ததுதான்.

ஜூன் 20
முதல் சிங்கிளைச் சரண்டர் செய்து நிறுத்திவிடலாம் என்கிறார் மாமா. 2021 மே முதல் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பகலில் எங்கள் வண்டி பாதி காலி, டீசல் காசுக்கே இழுபறி. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இலவசப் பயணம் பெரிய உதவி, அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் பூ மூட்டையோடு வருகிறவர்களுக்கு அந்த நேரத்தில் எங்களை விட்டால் வேறு வண்டி இல்லை. நஷ்டமென்றால் பகல் நடையில் ஒன்றைக் குறைக்க மனு கொடுக்கலாம், இதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் கணக்கு நோட்டைப் பார்த்தார். அப்புறம், "லக்கேஜ் வசூல் டீசலுக்குக் கட்டுதுடா, ஓடட்டும்" என்றார். விடிகாலை டிரைவருக்குப் பேட்டாவைக் கூட்டித் தரவும் சம்மதித்தார்.