படத்தில் விழாத கூலி

பெண்கள் வேலை செய்யும் இடத்தில் புகைப்படம் எடுக்க நிர்வாகத்தின் அனுமதி மட்டும் போதாது. மேலாளர் சரி என்றபின் தொழிலாளியால் மறுக்க முடியாது; அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில்லை. மேற்பார்வையாளர் காதில் விழாத இடத்தில் தனியாகக் கேட்கிறோம். முகம் வேண்டாம் என்பவருக்குக் கைகளை மட்டும் எடுக்கலாம், ஆனால் அடையாள அட்டையும் மேசை எண்ணும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் ஷிப்டில் கேமரா பையிலேயே இருக்கும். எந்த அசைவு திரும்பத் திரும்ப வருகிறது, முதுகு எப்போது நிமிர்கிறது, கழிப்பறைக்குப் போக யாரைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் குறித்துக்கொள்கிறோம். போஸ் கேட்பதே இல்லை. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு மட்டும் கூலி வாங்கித் தைப்பவரை ஒரு நிமிடம் நிறுத்தினால் அந்த நிமிடக் கூலி அவருக்குப் போய்விடும்.

வெளிச்சம்தான் அதிகம் படுத்தும். சோக் வைத்த பழைய டியூப் லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 வினாடியில் வைத்தால் படத்துக்குப் படம் நிறம் மாறும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் சரியாகும் (60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120, 1/60). 1/50-இல் விரல்கள் மங்கும். மங்கட்டும், வேலையின் வேகம் அதில்தான் தெரிகிறது. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 முதல் 3200 வரை போகலாம். பிளாஷ் கூடவே கூடாது: ஊசிக்குப் பக்கத்தில் விரல் இருக்கும்போது கண் கூசினால் காயம்தான். அகலமாகப் பிடிக்கும் 35 மிமீ லென்ஸில் ஆளும் இயந்திரமும் பக்கத்து இருக்கையும் சேர்ந்து வரும். நெருக்கிக் காட்டும் 85 மிமீ முகத்தை அழகாக்கி வேலையை அழித்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கூலி படத்தில் விழாது. 1974-இல் லண்டனில் உருவான ஹாக்னி பிளாஷர்ஸ் என்ற பெண்கள் புகைப்படக் குழு மறு ஆண்டு பெண்களின் வேலையைப் பற்றிக் கண்காட்சி வைத்தது. பிள்ளை பராமரிப்பு அதில் விடுபட்டிருந்தது. 1978-இல் அதையே பொருளாக எடுத்தபோது, வெறும் புகைப்படம் போதாதென்று வாசகமும் ஒட்டுப்படமும் சேர்த்தார்கள். அவர்களிடமிருந்து கற்றதால்தான் ஷிப்ட் முடிந்ததும் கேமராவை மூடுவதில்லை. தொழிலாளி அழைத்தால் அவர் வீட்டிலும் தொடர்கிறோம். படக்குறிப்பில் வேலையின் பெயர், ஷிப்ட் நேரம், கைக்கு வரும் கூலி, வீட்டு வேலைக்குப் போகும் மணிநேரம் எல்லாம் இருக்கும். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்துகிறோம்.

பிறகு சிறிய பிரிண்டுகளோடு மறுபடி போகிறோம். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை வெளியிடுவதில்லை. பல நேரம் நமக்கு மிகப் பிடித்ததே போய்விடும்: களைத்து மேசையில் தலை சாய்த்திருக்கும் படம். அது மேற்பார்வையாளர் கையில் கிடைத்தால் வேலை நேரத்தில் தூங்கியதற்குச் சாட்சி.